ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாயும் ஒரு பேரிங்கும்

எங்கள் பள்ளிக்கூடம் ஆனைமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1996-இல் பத்தாம் வகுப்பு முடித்த செட் நாங்கள். போன வருஷம் எல்லோரும் கூடி, வாத்தியார்களுக்குப் பொன்னாடை போர்த்தி, பள்ளிக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியும் கட்டிக் கொடுத்தது போகக் கையில் 6,40,000 ரூபாய் மிச்சம். பாதிக்கு மேல் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் இரண்டு பேர் போட்டது. இதை மாற்றுத்திறனாளிகளுக்குச் செலவு செய்வது என்று ஒரே பேச்சில் முடிவாகிவிட்டது. எங்கள் செட்டிலேயே ஒருவன் தேங்காய் பறிக்கப் போய் மரத்திலிருந்து விழுந்து, தண்டுவடத்தில் அடிபட்டு, 2019-லிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இருக்கிறான். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதுக்கதை இல்லை.

எப்படிச் செலவு செய்வது என்பதில்தான் செட் நாலாகப் பிரிந்தது. எண்பது வீல்சேர் வாங்கி மண்டபத்தில் வைத்துக் கொடுத்துவிடலாம் என்றார்கள் திருப்பூர்க்காரர்கள். எண்பது சாதா நாற்காலிக்குப் பதில் ஆறே ஆறு நல்ல நாற்காலி வாங்கலாம் என்றாள் கோவையில் நர்ஸாக இருக்கும் தோழி. பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருக்கும் நண்பன், "மொத்தத்தையும் ஆராய்ச்சிக்குக் குடுங்கடா, புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சா ஆயிரம் பேருக்கு ஆகும்" என்றான். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நான், இருக்கிற நாற்காலிகளை ரிப்பேர் செய்தாலே போதும் என்றேன். என் தொழிலுக்குத் தோதான யோசனை என்று குரூப்பில் கிண்டல் வந்தது. அது நியாயமான சந்தேகம்தான், படிப்பவர்களும் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்று மாதம் அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். இதே மாதிரி கையில் கொஞ்சம் பணத்தோடு முழித்துக்கொண்டிருக்கும் வேறு செட்டுக்கோ ஊர்க் கமிட்டிக்கோ உதவலாம்.

முதலில் நண்பன் வீட்டுக்குப் போனேன். ஒரு முகாமில் கொடுத்த வீல்சேர் திண்ணையில் மடக்கிச் சாத்தியிருந்தது. அதன் சீட்டில் பருத்திக்கொட்டை மூட்டை. அவன் கட்டிலில். "எடுக்கறதே இல்லையாடா?" என்றேன். அவன் பதில் சொல்வதற்குள் அவன் அம்மா, "அது இழுத்தா வரமாட்டேங்குது சாமி, தரையில கோடு வேற விழுகுது" என்றார். திருப்பிப் போட்டுப் பார்த்தேன். முன்பக்கத்துச் சின்னச் சக்கரம் இரண்டும் சுற்றவே இல்லை. கழற்றினால் உள்ளே செம்மண்ணும் தேங்காய் நாரும் தலைமுடியும் எண்ணெயோடு சேர்ந்து களியாக இறுகிக் கிடந்தன. பேரிங் துருப்பிடித்துப் பொடியாக உதிர்ந்தது. 608 நம்பர் பேரிங், எட்டு மில்லிமீட்டர் துளை, இருபத்திரண்டு மில்லிமீட்டர் வெளிவிட்டம். என் பட்டறையில் டப்பா டப்பாவாகக் கிடக்கும் சாமான். நாலு பேரிங்கும் கொஞ்சம் கிரீஸும் இல்லாததால் ஒரு மனிதன் ஒன்றரை வருஷமாகக் கட்டிலில் இருந்திருக்கிறான்.

அதோடு முடியவில்லை. இஞ்சு டேப் வைத்து அளந்தேன். சீட் 18 அங்குலம், அவன் இடுப்பு 14 அங்குலம். உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறான், சக்கரத்தைத் தள்ளக் கை எட்டவில்லை. குஷன் கிடையாது, வெறும் ரெக்சின் தொய்ந்து தொட்டில் மாதிரி ஆகிவிட்டது. உணர்வில்லாத உடம்புக்கு அப்படி உட்காருவது படுக்கைப் புண்ணுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல. ஏற்கெனவே ஒரு தடவை வந்து இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். இதைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் நாலு யோசனைகளையும் எடை போட உட்கார்ந்தேன்.

எண்பது வீல்சேர்

கோவையில் மடக்கு வீல்சேர் 7,000, 8,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மொத்தமாக எடுத்தால் இன்னும் குறையும். எண்பது குடும்பம், ஒரு மண்டபம், ஒரு பேனர். பணம் கொடுத்தவர்களுக்கு மனசு நிறையும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த நாற்காலி ஆஸ்பத்திரிக்காகச் செய்யப்பட்டது. வார்டிலிருந்து எக்ஸ்ரே ரூமுக்கு வேறொருவர் தள்ளிக்கொண்டு போக, வழுவழுப்பான தரையில், பத்து நிமிஷத்துக்கு. கெட்டி ரப்பர் டயர், பதினேழு பதினெட்டு கிலோ எடை, எல்லோருக்கும் ஒரே அளவு. தோட்டத்துச் சாளைக்கும் களத்துமேட்டுக்கும் இது ஒத்துவராது.

இன்னொன்று, இதே நாற்காலியை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. மத்திய அரசின் ஆடிப் திட்டம் 1981-லிருந்து இருக்கிறது. கான்பூரில் உள்ள அலிம்கோ நிறுவனம் (1972-இல் தொடங்கியது) செய்யும் உபகரணங்கள் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் நம் ஊர் முகாம்களுக்கு வருகின்றன. 40 சதவீத ஊனச் சான்றிதழும் வருமானச் சான்றும் இருந்தால் போதும். மாநில அரசு பேட்டரி வீல்சேரும், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரும் தருகிறது. கலெக்டர் ஆபீஸில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உலக வங்கிக் கடனோடு 1,763 கோடி ரூபாயில் நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்களும் வருகின்றன. அரசாங்கம் கொடுப்பதை நாமும் வாங்கிக் கொடுத்தால் நம் காசு அரசாங்கத்துக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்ததாகத்தான் ஆகும். அதைவிட விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குக் கார் வைத்துக் கூட்டிப் போவது மலிவு.

ஆடிப்பில் ஒருமுறை வாங்கினால் அதே உதவியை மறுபடி கேட்க மூன்று வருஷம் ஆக வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு ஒரு வருஷம். செம்மண்ணில் எட்டாவது மாதமே சக்கரம் இறுகிவிட்டால் மிச்ச இரண்டு வருஷம் நாலு மாதத்துக்கு யார் பொறுப்பு என்பது எந்தப் படிவத்திலும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வீல்சேர் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஏழை நாடுகளில் வீல்சேர் கொடுப்பதற்கு எட்டுப் படி சொல்கிறார்கள். ஆளை அனுப்பிவைத்து நேரம் குறிப்பது, பரிசோதிப்பது, எது பொருந்தும் என்று தீர்மானிப்பது, பணம் ஏற்பாடு செய்து ஆர்டர் போடுவது, நாற்காலியைத் தயார் செய்வது, ஆளுக்குப் பொருத்திப் பார்ப்பது, ஓட்டப் பழக்குவது, பிறகும் போய்ப் பார்த்து ரிப்பேர் செய்வது. இதில் பணம் நாலாவது படி. நாங்கள் மற்ற ஏழு படிகளையும் விட்டுவிட்டு நாலாவதிலேயே மூன்று வாரம் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆறு நல்ல நாற்காலி

நர்ஸ் தோழி சொன்னது நியோமோஷன் நாற்காலியை. சென்னை ஐஐடியில் டிடிகே மறுவாழ்வு ஆராய்ச்சி மையம் என்று ஒன்று இருக்கிறது, பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் நடத்துவது. அங்கிருந்து கிளம்பிய கம்பெனி நியோமோஷன். நியோஃப்ளை என்பது ஆளின் அளவெடுத்துச் செய்யும் வீல்சேர், தையல்காரரிடம் சட்டை தைப்பது போல. நியோபோல்ட் அதன் முன்னால் மாட்டிக்கொள்ளும் மோட்டார் வண்டி. மாட்டினால் நாற்காலி ஸ்கூட்டராகிவிடும், மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும். 2021-இல் வெளியிட்டபோது நாற்காலி 39,900 ரூபாய், மோட்டார் 55,000 ரூபாய். சேர்த்தால் 95 ஆயிரம், நம் பணத்துக்கு ஆறு ஜோடி.

பொருள் நல்ல பொருள், அதில் பேச்சே இல்லை. டியூப் டயர்தான், எந்த சைக்கிள் கடையிலும் பஞ்சர் ஒட்டலாம். 2025-இல் இதே ஐஐடி வட்டாரத்திலிருந்து ஒய்டி ஒன் என்று ஒன்பது கிலோ நாற்காலி ஒன்றும் வந்திருக்கிறது, சுமார் 75 ஆயிரம். வெளிநாட்டு நாற்காலி இரண்டு லட்சத்துக்கு மேல் போகும்போது இது பெரிய விஷயம். ஒன்பது கிலோவை உட்கார்ந்தபடியே ஒருவர் தூக்கிக் காருக்குள் போட்டுக்கொள்ள முடியும். பதினெட்டு கிலோவை முடியாது. இந்த ஒன்பது கிலோ வித்தியாசத்தில், வெளியே போக இன்னொரு ஆளைத் தேடுவதா வேண்டாமா என்பது தீர்ந்துவிடுகிறது.

எனக்கு இரண்டு இடத்தில் உதைத்தது. ஒன்று, தூரம். ஒரு சார்ஜுக்கு 25 கிலோமீட்டர் என்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து பொள்ளாச்சி போய்வந்தால் முப்பதைத் தொடும். சந்தைக்கோ தேங்காய் மண்டிக்கோ போகிறவர் அங்கே எங்காவது பிளக் தேடிச் சார்ஜ் போட்டாக வேண்டும். இது தீர்க்கக்கூடிய சிக்கல்தான், தெரிந்த கடையில் ஒரு மணி நேரம் போட்டால் ஆயிற்று.

இரண்டாவதுதான் பெரிய உதை. எந்த ஆறு பேர்? நண்பனிடமே கேட்டேன். "எனக்கு ஒண்ணு வாங்கீட்டு மிச்ச அஞ்சை யாருக்குன்னு நீ போய்ச் சொல்லு மாப்ள. ஊர்ல எங்கூட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. வேண்டாம்" என்றான். ஆறு பேரைத் தேர்ந்தெடுக்க ஒரு கமிட்டி, கமிட்டிக்கு ஒரு சிபாரிசு, சிபாரிசுக்கு ஒரு சொந்தக்காரர். நம் ஊர் நடப்பு தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போகத் தயாராக இருந்து, வண்டி ஒன்றுதான் தடை என்று இருக்கும் ஒருவர் கண்முன்னால் இருந்தால் இந்த யோசனைதான் முதல். அப்படி ஒருவரை வைத்துக்கொண்டு பணம் திரட்டுவது சுலபம். பணத்தைத் திரட்டிவிட்டு ஆளைத் தேடுவது வேறு வேலை.

ஆராய்ச்சிக்குக் கொடுத்தால்

பேராசிரியர் நண்பன் கட்சி இது. இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், என் அபிப்பிராயம் மாறியதும் இதில்தான்.

அவன் கல்லூரிக்குப் போனேன். மாணவர்கள் செய்த சாதனங்களை ஒரு அறையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடியில் சென்சார் வைத்தது, சைகையைப் பேச்சாக மாற்றும் கையுறை, படியேறும் வீல்சேர், கண்ணசைவில் ஓடும் வீல்சேர். ஒவ்வொன்றிலும் ஒரு பரிசுச் சான்றிதழ் ஒட்டியிருக்கிறது, ஒவ்வொன்றின் மேலும் தூசி. "இதுல எதை மாற்றுத்திறனாளி ஒருத்தர் ஒரு மாசம் தொடர்ந்து உபயோகிச்சுப் பார்த்திருக்காரு?" என்று கேட்டேன். நண்பன் யோக்கியன், "ஒண்ணுமில்லடா" என்றான். பசங்கள் மேல் தப்பில்லை. நாலாம் வருஷம் முடிந்தால் கேம்பஸ் வேலை, அடுத்த பேட்ச்சுக்குப் புதுத் தலைப்பு.

நிஜமாகவே ஆளிடம் போய்ச் சேர்ந்த சாதனங்களின் கதையைப் பார்த்தால் எவ்வளவு தூரம் என்பது புரியும். டெல்லி ஐஐடியில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் குழு செய்த ஸ்மார்ட்கேன் அப்படி ஒன்று. பார்வையற்றவர்களின் வெள்ளைப் பிரம்பில் மாட்டும் கருவி. முழங்காலுக்கு மேலே, தலை உயரம் வரை நீட்டிக்கொண்டிருக்கும் ஜன்னல் கதவையோ மரக்கிளையையோ மூன்று மீட்டருக்கு முன்பே கையில் அதிர்வாகச் சொல்லிவிடும். சாதாரணப் பிரம்புக்குத் தரையில் உள்ளது மட்டும்தான் தெரியும். 2005 வாக்கில் மாணவர் புராஜெக்டாகத் தொடங்கி, 2014-இல்தான் விற்பனைக்கு வந்தது, அப்போது விலை ஏறத்தாழ 3,000 ரூபாய். ஒன்பது வருஷம். நடுவில் இங்கிலாந்தின் வெல்கம் டிரஸ்ட் பணம் போட்டது, சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரிப்பை ஏற்றது. அதே இருவரும் சேர்ந்துதான் சென்னை ஐஐடியின் அரைஸ் என்ற எழுந்து நிற்க வைக்கும் வீல்சேரையும் 2019-இல் வெளியே கொண்டுவந்தார்கள், 15,000 ரூபாய் அளவில்.

கதம் என்ற செயற்கை முழங்கால் மூட்டு 2022-இல் வந்தது. சென்னை ஐஐடியும் பெங்களூரின் மொபிலிட்டி இந்தியாவும் மற்றொரு அமைப்பும் சேர்ந்து செய்தது. ஐஎஸ்ஓ 10328 என்ற தரப்படி அந்த மூட்டை எந்திரத்தில் மாட்டி 30 லட்சம் தடவை மிதித்துச் சோதித்திருக்கிறார்கள். லேத் ஓட்டுகிறவனாக எனக்கு இந்த எண்ணில்தான் மரியாதை. பம்ப் மோட்டாரின் ஷாஃப்ட் உடைந்தால் தண்ணீர் வராது, அவ்வளவுதான். முழங்கால் மூட்டு ரோட்டைக் கடக்கும்போது உடைந்தால்? கல்லூரி அறையில் தூசி படிந்து நிற்பதற்கும் இதற்கும் நடுவே உள்ள தூரம் அந்த 30 லட்சம் மிதிதான். அதற்குத்தான் பணமும் வருஷமும் போகிறது.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையில் ஊனமுற்றோர், முதியோர் சாதனங்களுக்கென்றே டைட் என்ற திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த பைராக் அமைப்பு, புதுக் கண்டுபிடிப்புகளுக்குத் தரும் பிக் என்ற நல்கை (கிராண்ட்) 50 லட்சம் ரூபாய் வரை, பதினெட்டு மாதத்துக்கு. தமிழ்நாட்டில் தொழில்முனைவோர் நிறுவனம் புத்தாக்க வவுச்சர் என்று முதல் கட்டத்துக்கு 2 லட்சமும் அடுத்த கட்டத்துக்கு 5 லட்சமும் தருகிறது. 2013 கம்பெனிச் சட்டப்படி, வருஷம் 5 கோடி லாபம் பார்க்கும் கம்பெனி மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஐஐடி, அரசுப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குக் கொடுப்பதும் அதில் சேரும். நம் பக்கம் மில், பம்ப், ஃபவுண்டரி என்று அந்தக் கணக்கில் வரும் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை.

ஆக, இந்தக் கூட்டத்தில் நம் ஆறு லட்சம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. மாதிரி செய்வதற்குக் கொடுத்தால் அந்த அறையில் தூசி படிய இன்னும் இரண்டு சாமான் சேரும். தயாரிப்புக்குக் கொடுத்தால் கடலில் கரைத்த பெருங்காயம். இந்த இடத்தில் நான் "வேண்டாம்" என்று எழுதி முடித்துவிட்டேன். நண்பன்தான் ஒரு விஷயம் சொன்னான்.

"கிராண்ட்ல சாமான் வாங்க முடியும், ஸ்டைபண்ட் குடுக்க முடியும். உன்ற பிரெண்டு ஆனைமலையில இருந்து ஆட்டோ புடிச்சு இங்க வந்து ரெண்டு மணி நேரம் உக்காந்து பார்த்துச் சொல்றதுக்கு நான் எந்தத் தலைப்புலடா பில் போடறது?"

உண்மையிலேயே அதுதான் ஓட்டை. தண்டுவடம் அடிபட்டவர் கல்லூரிக்கு வரத் துணைக்கு ஒருவர் வேண்டும், அவருக்கு அன்றைய கூலி போகும், வேன் வாடகை, போன இடத்தில் அவர் உள்ளே போகக்கூடிய கக்கூஸ் இருக்க வேண்டும். இது எதையும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அதனால் கண்ணை மூடிக்கொண்ட மாணவனே பார்வையற்றவராகவும், வீல்சேரில் உட்கார்ந்த மாணவனே கால் வராதவராகவும் நடித்துச் சோதனை முடிந்துவிடுகிறது. 1993-இல் அமெரிக்காவில் 227 பேரிடம் எடுத்த ஆய்வு ஒன்றில், வாங்கிய உதவிச் சாதனங்களில் 29.3 சதவீதம் கைவிடப்பட்டிருந்தன. தேர்ந்தெடுக்கும்போது உபயோகிக்கப்போகிறவரின் கருத்தைக் கேட்காததும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். காப்பீடும் நல்ல கடைகளும் இருக்கிற ஊரிலேயே அந்தக் கதி.

உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2022-இல் கொடுத்த கணக்குப்படி உலகில் 250 கோடிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு உதவிச் சாதனம் தேவை, மூக்குக்கண்ணாடி உட்பட. கிட்டத்தட்ட நூறு கோடிப் பேருக்கு அது கிடைக்கவில்லை. இவ்வளவு பெரிய சந்தையைப் பணம் துரத்தாதது எனக்கு முதலில் விளங்கவில்லை. கோவைப் பக்கத்துக்காரனான எனக்கு அதை வெட் கிரைண்டரை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடிந்தது. மாவு எல்லா வீட்டிலும் ஒரே மாவு. ஒரு டிசைன் சரியாக வந்தால் லட்சம் போடலாம், வாங்குகிறவர் கையில் காசு இருக்கும். வீல்சேரில் ஒவ்வொரு உடம்பும் வேறு அளவு, ஒவ்வொரு ஊர்த் தரையும் வேறு, தேவைப்படுகிறவர் பெரும்பாலும் வருமானம் இழந்தவர். அதனால்தான் இதற்கு நல்கைப் பணம் அவசியமாகிறது, அந்தப் பணமும் கண்டுபிடிப்பு வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது.

ரிப்பேர்

என் யோசனை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் உட்காருவது. ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு வெல்டிங் மெஷின், பேரிங், டியூப், ஸ்போக், பிரேக் கட்டை, குஷன். வருகிறவரை அளந்து, சீட்டைக் குறுக்கி, கால் வைக்கும் பலகையை ஏற்றி இறக்கி, சக்கரத்தைக் கழற்றிக் கழுவி மாட்டிக் கொடுப்பது. வர முடியாதவர் வீட்டுக்கு மத்தியானம் போவது.

செலவு: பிசியோவுக்கு 2,500, வண்டிக்கு 2,000, சாமானுக்கு 5,000, வருகிறவர்களின் ஆட்டோச் செலவுக்கு 2,000. மாதம் 11,500 ரூபாய். மூன்று வருஷத்துக்கு 4,14,000. என் கூலி இதில் இல்லை, வாங்கவும் போவதில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இது ஒரு ஆளை நம்பி ஓடும் வண்டி, எனக்கு முதுகு பிடித்துக்கொண்டால் நின்றுவிடும். அதனால் ஆனைமலை சைக்கிள் கடைக்காரர் ஒருவரைக் கூடவே வைத்துப் பழக்க வேண்டும். மூன்று வருஷத்துக்குப் பிறகு பணத்துக்கு என்ன செய்வது என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது. பேனர் வைக்க முடியாது, களி பிடித்த பேரிங்கைப் போட்டோ எடுத்து எந்தப் பத்திரிகைக்குக் கொடுப்பது? முக்கியமாக, சீட்டைக் குறுக்கும் வேலையைப் பிசியோ பக்கத்தில் இல்லாமல் என்னைப் போன்றவன் செய்தால் புண்ணை நானே வரவழைத்தவன் ஆவேன். வெல்டிங் தெரியும் என்பதற்காக உடம்பு தெரியும் என்று அர்த்தமில்லை. நர்ஸ் தோழி இதை மூன்று தடவை சொன்னாள், மூன்று தடவையும் அவள் சொன்னது சரி.

பார்வை, செவி சார்ந்தவர்களையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு பேச்சு வந்தது. பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள், கம்ப்யூட்டரில் என்விடிஏ, ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், இரண்டும் இலவசம், தமிழும் படிக்கும். அங்கே தேவை சொல்லிக் கொடுக்க ஒரு ஆள். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்திலும் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும் சிறப்புக் கல்வி படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரைக் கேட்கலாம். காது மெஷினுக்குப் பேட்டரியும், காதுக்குள் பொருந்தும் அச்சும்தான் தொல்லை. இரண்டும் எங்களுக்குத் தெரியாத வேலை, இந்த முறை தொடவில்லை.

எப்படி முடிவு செய்தோம்

நாலையும் ஒரே கேள்வியில் சலித்தோம். நம் பணம் வராவிட்டால் இந்த வேலை வேறு யார் மூலமாவது நடக்குமா? எண்பது நாற்காலியை அரசாங்கம் எப்படியும் கொடுக்கும். ஆராய்ச்சியின் பெருஞ்செலவுக்கு டைட், பைராக், கம்பெனிப் பணம் இருக்கிறது. நல்ல நாற்காலிக்குப் பாதி வழி வந்துவிட்டு மீதிக்கு முடியாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு முழுதாக வேண்டாம், துண்டு விழுவதை நிரப்பினால் போதும். பேரிங்குக்கும், சோதிக்க வருகிறவரின் ஆட்டோவுக்கும் ஒருவரும் இல்லை.

அதனால் 4,14,000 ரிப்பேருக்கு. 1,20,000 நண்பனின் கல்லூரிக்கு, மூன்று நிபந்தனையோடு. ஒன்று, அது முழுக்கச் சோதிக்க வரும் மாற்றுத்திறனாளிகளின் பயணத்துக்கும் அன்றைய கூலிக்கும் மட்டும், சாமானுக்கு ஒரு ரூபாய் கூடக் கிடையாது. இரண்டு, சோதனை கல்லூரி டைல்ஸ் தரையில் இல்லை, எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில், மழை பெய்த மறுநாள். மூன்று, தலைப்பை மாணவர்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை தாழ்வாரத்துக்கு வருகிறவர்கள் சொல்வதிலிருந்து எடுக்க வேண்டும். மூன்றாவதைக் கல்லூரி நிர்வாகம் ஒத்துக்கொள்ள இரண்டு மாதம் ஆனது. மீதி 1,06,000 நல்ல நாற்காலி வாங்கத் துண்டு விழுகிறவர்களுக்கு, ஒருவருக்கு அதிகபட்சம் 20,000.

திருப்பூர்க்காரர்களுக்கு வருத்தம்தான். ஒருவன், "இதுக்கு ஒரு தொடக்க விழாவாச்சும் வைங்கடா" என்றான். வைத்தோம், டீயும் வடையும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பதினொரு நாற்காலி வந்தது. ஏழில் முன்சக்கரப் பேரிங் இறுகியிருந்தது. ஒன்பதில் குஷன் இல்லை. ஒன்று பிரித்தே பார்க்காதது, பாலிதீன் உறையோடு நாலு வருஷமாகப் பரணில் இருந்திருக்கிறது. நண்பனின் நாற்காலியை 15 அங்குலத்துக்குக் குறுக்கி, குஷன் போட்டு, முன்சக்கரத்தில் தூசி உள்ளே போகாதபடி லேத்தில் ஒரு மூடி கடைந்து மாட்டினேன். அவன் தானே தள்ளிக்கொண்டு மைதானத்தைத் தாண்டிப் புளியமரம் வரை போய்விட்டு, திரும்பி வந்து கல்லூரிப் பையன்களிடம் தலைப்பு சொன்னான். படியேறும் வீல்சேர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம், மடியில் ஒரு குடம் தண்ணீர் சிந்தாமல் கொண்டுபோக ஏதாவது வழி வேண்டுமாம். ஒரு பையன் நோட்டில் எழுதிக்கொண்டான், குடத்தின் வாய் எத்தனை அங்குலம் என்று கேட்டு.